ஒரே ஊத்து, ரெண்டு ஊர்: 62 லயக் குடும்பத்துக்கும் 41 கிராமக் குடும்பத்துக்கும் தண்ணியைப் பிரிப்பது எப்படி?

பீலிக்கரை (பதிவு 1)

வணக்கம். இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிவிசனுக்காகக் கேட்கிறேன். தோட்டத்துப் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. வாய்த்தகராறு முற்றி, விஷயம் பொலிஸ் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது.

தேயிலை மலைக்கு மேலே ஓர் ஊத்து. தண்ணி ஊறும் கண்ணுக்கு மூடி கிடையாது. வாய் முழுக்க அரை இஞ்சி அல்கத்தின் (பொலித்தீன்) குழாய், எண்ணினால் 22. ஒவ்வொன்றையும் சாக்குத்துணி சுற்றிச் செருகி, கல்லை வைத்து அழுத்தியிருக்கிறது. ஒரு குழாயில் காற்றுப் பிடித்தால் அந்த வீட்டுக்காரர் மேலே ஏறி எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறார், மற்ற 21 குழாயிலும் அன்றைக்குச் சேற்றுத் தண்ணி. கீழே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) 62 குடும்பம், ஏறக்குறைய 280 பேர். அதே ஊத்துத் தண்ணி ஓடையாக இறங்கிப் போகும் வழியில் 41 சிங்களக் குடும்பம் இருக்கிற கிராமம், 170 பேர் வரும்.

பெப்ரவரி கடைசியில் எல்லாக் குழாயையும் எடுத்துவிட்டு ஒரே வாயில் விட்டு அளந்ததில் 20 லீட்டர் வாளி நிறைய 64 வினாடி பிடித்தது. ஊத்திலிருந்து லயத்துக்குத் தூரம் 900 மீட்டர், இறக்கம் 38 மீட்டர். கண்ணுக்கு மேலே 15 மீட்டரில் மரக்கறிப் பாத்தி. இடப்பக்கம் 25 மீட்டர் தள்ளி, கண்ணைவிடச் சற்று உயரத்தில், பழைய லயத்துக் கக்கூஸ் குழி நாலு. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எடுத்துப்போன தண்ணியில் ஈ.கோலை என்ற மலக்கிருமி இருந்ததாக அறிக்கை வந்தாயிற்று.

இப்போது ஓர் அரசியல் தரப்பு லயத்துக்கு மட்டும் குழாயும் தொட்டியும் போட்டுத் தருகிறோம் என்கிறது. போட்டால் வெட்டுவோம் என்கிறது கிராமம். எங்கிருந்து தொடங்குவது?

ஊத்துக்கண் (பதிவு 2)

அளந்துவிட்டு வந்து கேட்டிருக்கிறீர்கள், அதற்கே நன்றி. பாதிச் சண்டை அளக்காமல் பேசுவதால் வருவது.

20 லீட்டருக்கு 64 வினாடி என்றால் வினாடிக்கு 0.31 லீட்டர். ஒரு நாளைக்கு 27,000 லீட்டர். இரண்டு ஊரும் சேர்ந்து 450 பேர். ஆளுக்கு 60 லீட்டர், அதுவும் வருசத்தின் மோசமான மாதத்தில். குடிக்க, சமைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ இது போதும். தோட்டம் நனைக்கவும் வாகனம் கழுவவும் போதாது. ஆக இந்த ஊத்தில் இரண்டு ஊருக்கும் இடம் இருக்கிறது. கூட்டத்தில் முதல் வார்த்தையாக இந்தக் கணக்கைத்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் மூன்று நாள், காலையில், இரண்டு ஊர் ஆட்களும் நின்று பார்க்க மறுபடியும் அளந்து எழுதுங்கள். கிராமத்து ஆள் கையில் வாளியைக் கொடுங்கள், லயத்து ஆள் கையில் கடிகாரத்தைக் கொடுங்கள். பிறகு எண்ணைப் பற்றி யாரும் வாதாட மாட்டார்கள்.

அடுத்தது கண். தொட்டியும் குழாயும் பிறகு. கண் கெட்டால் கீழே எத்தனை லட்சம் போட்டாலும் வீண்.

மழை விட்டிருக்கும் மாதத்தில் வேலையைத் தொடங்குங்கள். தண்ணி வருகிற பக்கமாக மெதுவாக மண்ணை எடுத்துக்கொண்டே போக வேண்டும், பாறையோ கெட்டிக் களியோ தட்டுப்பட்டு அதன் மேலே தண்ணி தெளிவாகக் கசிகிற இடம் வரைக்கும். அங்கே நிறுத்துங்கள். அந்தக் களிப் படுகையை அலவாங்கால் குத்தி உடைத்தால் தண்ணி கீழே இறங்கி வேறெங்கோ போய்விடும். ஊத்தைப் பெருப்பிக்கப் போய் ஊத்தையே தொலைப்பது இப்படித்தான்.

கசிகிற முகத்துக்கு முன்னால் கழுவிய கருங்கல் சல்லி, 20 முதல் 40 மில்லிமீட்டர். அதற்கு முன்னால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பெட்டி. பின்சுவரைச் சாந்து பூசாமல் கல்லடுக்காக விடுங்கள், தண்ணி அதன் வழியாக வரட்டும். மற்ற மூன்று சுவரும் அடித்தளமும் கொங்கிரீட். சல்லிக்கு மேலே தடித்த பொலித்தீன், அதற்கு மேலே மிதித்துப் பிசைந்த களிமண் 15 சென்டிமீட்டர், அதற்கு மேலே மண், புல். மேலிருந்து மழைத்தண்ணி நேராக இறங்காமல் தடுப்பது இந்தக் களிதான்.

பெட்டிக்குள் மூன்று குழாய். அடியோடு அடியாகக் கழுவு குழாய், இரண்டு இஞ்சி. தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் வெளிக்குழாய், வண்டல் உள்ளே போகாதபடி துளையிட்ட துண்டில் வலை சுற்றி. மேலே வழிவுக் குழாய், அதுவும் இரண்டு இஞ்சி. வழிவுக் குழாய் கண்ணின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இதை மட்டும் நெஞ்சில் எழுதி வையுங்கள். தண்ணியைத் தேக்கி உயர்த்தினால் அந்தப் பாரத்தில் ஊத்து பின்வாங்கி, 10 மீட்டர் தள்ளி வேறு வாய் திறக்கும். “புதுத் தொட்டி கட்டினார்கள், ஊத்து செத்தது” என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இந்த ஒரு குழாய்தான் காரணம்.

கண்ணுக்கு 8 மீட்டர் மேலே பிறை வடிவில் ஒரு கான் (வடிகால்) வெட்டி மேட்டுத் தண்ணியைப் பக்கவாட்டில் திருப்புங்கள். சுற்றிலும் வேலி. அங்கே நிற்கும் கித்துள் மரத்தையும் பன்னச் செடியையும் வெட்டாதீர்கள். யூகலிப்டஸ் கன்று நட யாராவது வந்தால் விடாதீர்கள்.

குழாய்வேலை (பதிவு 3)

900 மீட்டர், 38 மீட்டர் இறக்கம். நல்ல இறக்கம். லயத்துப் பங்கு வினாடிக்கு 0.2, மழைக்காலத்தில் 0.3 என்று வையுங்கள். 0.3 லீட்டர், உள்விட்டம் 29 மில்லிமீட்டர் வரும் ஒரு இஞ்சி பி.வி.சி. குழாயில் ஓடினால் 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரம் உராய்வில் போகும். 900 மீட்டருக்கு 9 அல்லது 10. கையில் 38 இருக்கிறது. ஆகவே ஒரு இஞ்சி தாராளம். “ரெண்டு இஞ்சி போடுவோம்” என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் அதற்கு இங்கே தேவை இல்லை. பெரிய குழாயில் குறைந்த தண்ணி பாதி நிரம்பி ஓடும், காற்று பிடிக்கும், காசும் போகும்.

வாயை மூடி நிறுத்தினால் கீழே 38 மீட்டர் அழுத்தம் நிற்கும், அதாவது 3.8 பார். பி.என். 7 (7 பார் வரை) என்று அச்சிட்ட குழாய் இதைத் தாங்கும். இறக்கம் 60 மீட்டரைத் தாண்டுகிற இடமாக இருந்தால் நடுவில் அழுத்தம் உடைக்கும் தொட்டி வேண்டும், இங்கே வேண்டாம்.

பாதை மேடுபள்ளமாக இருந்தால் ஒவ்வொரு மேட்டு முதுகிலும் ஒரு காற்றுவால்வு, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கழுவு வால்வு. காற்றுவால்வுக்குக் காசில்லை என்றால் மேட்டில் ஒரு டீ வைத்து நின்ற குழாயை மேலே நீட்டலாம். ஆனால் அது அந்த இடத்து நீரழுத்த மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் வழியே தண்ணி கொட்டும். குறைந்தது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மண்வெட்டி படாத ஆழம் அது. வெயில் படுகிற பி.வி.சி. சில வருசத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும். பாறை மேலே போகிற துண்டுக்கு மட்டும் ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாய், கொங்கிரீட் கட்டையில் பட்டி போட்டுப் பிடித்து.

22 அல்கத்தின் குழாயையும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். ஒன்றை விட்டுவைத்தாலும் பெட்டியின் சுவரில் ஓட்டை கேட்பார்கள்.

ஊவாக்காரி (பதிவு 4)

ஒரு திருத்தம், வேறு இடத்திலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்காக. பெப்ரவரியில் அளப்பது கொட்டகலை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக்குச் சரி, அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கம் கதையே வேறு. எங்களுக்கு மாரி வடகீழ்ப் பருவத்தில், வறட்சி ஜூன் முதல் செப்டெம்பர் வரை. பெப்ரவரியில் அளந்து திட்டம் போட்டால் ஓகஸ்டில் தொட்டி காலி.

இன்னொன்று. அளந்த எண்ணை எழுதி, திகதி போட்டு, இரண்டு கையெழுத்து வாங்கி, மாதாமாதம் தொடருங்கள். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் தண்ணி பீறிட்டுப் பாய்ந்தது. அதற்குப் பிறகு பண்டாரவளைப் பக்கத்தில் கிணறும் ஊத்தும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளை நகரமே மூடித் தெருவில் இறங்கியது. திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது, 120 மெகாவாட். நட்டஈடு, மாற்றுத் தண்ணி என்று பேச வரும்போது முதல் கேள்வி “முன்னால் எவ்வளவு வந்தது?” என்பதுதான். அதற்குக் கையில் கடதாசி வேண்டும். ஊத்துக்கு ஒரு கொப்பி என்பது பின்னால் வரப்போகிற எந்தச் சுரங்கத்துக்கும், எந்தச் சிறு மின்நிலையத்துக்கும், எந்த ஹோட்டலுக்கும் முன்னால் வைக்கக்கூடிய ஒரே சாட்சி.

நோர்வூட் (பதிவு 5)

எல்லாம் சரி. ஆனால் ஏன் பிரிக்க வேண்டும்? ஊத்து தோட்டத்துக்குள் இருக்கிறது. 200 வருசமாக அந்த மண்ணில் உழைத்த சனத்துக்கு இன்னும் குழாய்த்தண்ணி இல்லை. கிராமத்துக்குப் பிரதேச சபை உண்டு, வாட்டர் போர்ட் உண்டு, கேட்டால் செய்வார்கள். நம்மாட்களுக்கு 2018 வரைக்கும் பிரதேச சபையின் கதவே சாத்தியிருந்தது. கிடைக்கிற தொட்டியை வாங்கிக்கொண்டு நம் வேலையைப் பார்ப்பதுதான் நியாயம்.

சட்டக்கொப்பி (பதிவு 6)

கோபம் நியாயமானது, சொன்ன விஷயமும் உண்மை. 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு காரணமாகச் சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட முடியாது என்று 30 வருசம் சொல்லிவந்தார்கள். 2018 இல்தான் திருத்தம் வந்தது. அதே வருசம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் வந்தது. கதவு தாமதமாகத் திறந்தது, ஆனால் திறந்திருக்கிறது. அதைத் தட்டாமல் ஓர் அரசியல்வாதியின் தொட்டியை நம்புவது நமக்கே நட்டம்.

“ஊத்து தோட்டத்துக்குள் இருக்கிறது” என்ற வாதத்தைக் கவனமாகப் பாவியுங்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டக் காணி அரசுக்குப் போனது. 1992 முதல் கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. ஊத்து துரையுடையதும் (தோட்ட முகாமையாளர்) இல்லை, லயத்துடையதும் இல்லை, கிராமத்துடையதும் இல்லை. ஊத்து இடத்துக்கு உரியது என்று நாம் சொன்னால், நாளைக்குக் குத்தகைக்காரர் அதே வார்த்தையை நம்மிடமே திருப்பிச் சொல்லி ஊத்தை ஒரு பங்களாவுக்கோ சுற்றுலா விடுதிக்கோ கொடுப்பார். கீழே இருக்கிறவரின் பாவனை உரிமையை நாம் ஒத்துக்கொண்டால்தான் மேலே இருக்கிறவரிடம் நம் உரிமையைக் கேட்க வாய் இருக்கும்.

நடைமுறைக்கு வருவோம். வாய்மொழி அனுமதி வேண்டாம். துரை மாறினால் அனுமதியும் மாறும். குழாய் போகும் பாதையையும் ஊத்தைச் சுற்றிய வேலியையும் வரைபடத்தில் குறித்து, தோட்ட முகாமையிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே நீர்வழங்கல் சங்கமாகத் தேசிய சமூக நீர்வழங்கல் திணைக்களத்தில் பதியுங்கள். உடன்பாடு தமிழிலும் சிங்களத்திலும் ஒரே கடதாசியில், பக்கத்துப் பக்கமாக. ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கு, ஒன்று பிரதேச சபைக்கு, ஒவ்வொன்று இரண்டு கிராம சேவகருக்கும். தலைவர் ஒரு பக்கம் என்றால் பொருளாளர் மறுபக்கம், வங்கியில் கூட்டுக் கையெழுத்து. எந்தக் கட்சியின், எந்தத் தொழிற்சங்கத்தின் பெயர்ப்பலகையும் தொட்டியில் ஏறாது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். காசு யாரிடமிருந்தும் வரட்டும், பலகை வேண்டாம். பலகை ஏறிய தொட்டியை மறுதரப்பு தன் தொட்டியாக ஒருநாளும் பார்க்காது.

நோர்வூட் (பதிவு 7)

குத்தகைக்காரர் பற்றிச் சொன்னதை நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரிப்பது எப்படி என்பதில்தான் ஏமாற்றம் நடக்கும். வால்வை வைத்தால் ராத்திரியில் யார் திருகுவார் என்று யாருக்குத் தெரியும்?

அளவுகோல் (பதிவு 8)

வால்வே வேண்டாம். திருக ஒன்றுமில்லாத பிரிப்புத் தொட்டி கட்டுங்கள்.

62 க்கு 41. ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு. ஊத்துப் பெட்டிக்குக் கீழே, இரண்டு ஊரும் ஏறிப் பார்க்கக்கூடிய இடத்தில் ஒரு சின்னத் தொட்டி. இரண்டு அடிக்கு மூன்று அடி போதும். தண்ணி ஒரு பக்கம் அமைதியாக வந்து விழ ஓர் அறை, நடுவில் கீழே இடைவெளி விட்ட தடுப்புச்சுவர், மறுபக்கம் பிரிக்கும் முகம். முகத்தில் துருப்பிடிக்காத இரும்புத் தகடு ஒன்று, 3 மில்லிமீட்டர் தடிப்பு. அதில் ஒரே மட்டத்தில், ஒரே துளைமுனையால் போட்ட ஐந்து துளை, 12 மில்லிமீட்டர் விட்டம். மூன்று துளையின் தண்ணி லயத்து அறையில் விழும், இரண்டின் தண்ணி கிராமத்து அறையில் விழும்.

வறட்சியில் வினாடிக்கு 0.3 வரும்போது துளைக்கு 0.06. தண்ணி துளை நடுவிலிருந்து 4 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். 0.5 வந்தால் 11 சென்டிமீட்டர். கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது. பஞ்சம் வந்தால் இரண்டு ஊருக்கும் ஒன்றாக வரும். அதற்கு மேலே 20 சென்டிமீட்டரில் வழிவு, அது பழைய ஓடைக்கே போகட்டும். மழைக்காலத்து மிச்சத்தில் மீனும் தவளையும் கீழே உள்ள வயலும் வாழ வேண்டும்.

பலர் அகலமான வாசல் வைத்துப் பிரிப்பார்கள், 30 சென்டிமீட்டருக்கு 20 என்று. வாய்க்காலுக்கு அது சரி. இவ்வளவு குறைந்த தண்ணிக்குச் சரிவராது. 50 சென்டிமீட்டர் விளிம்பில் 0.3 லீட்டர் பரவினால் உயரம் 5 மில்லிமீட்டர்கூட வராது. ஓர் இலை ஒட்டினால் அல்லது விளிம்பு மயிரிழை சரிந்தால் ஒரு பக்கத்துத் தண்ணியில் பெரும்பகுதி மற்றப் பக்கத்துக்குப் போய்விடும்.

மட்டம்தான் உயிர். மரத்துண்டு மட்டப்பலகையை நம்பாமல், தண்ணி நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயால் தகட்டின் இரு முனையையும் பிடியுங்கள். சாந்து இறுகியதும் ஐந்து துளைக்கும் தனித்தனியே ஒரு லீட்டர்ப் போத்தல் நிறைய எத்தனை வினாடி என்று இரு தரப்பும் அளக்கட்டும். ஒரு துளைக்கும் இன்னொன்றுக்கும் ஒரு வினாடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் தகட்டைப் பெயர்த்து மறுபடி வையுங்கள், பேசிச் சமாளிக்காதீர்கள். துளையிலிருந்து விழும் தண்ணி காற்றில் விழ வேண்டும். கீழறை நிரம்பித் துளையை மூடினால் அந்தப் பக்கம் குறையும், களவு என்று பழி வரும். ஆகவே கீழறையின் வெளிக்குழாய் துளைக்கு ஒரு கை ஆழத்துக்குக் கீழே இருக்கட்டும்.

மூடிக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு ஒரு ஊரில், மற்றது மற்ற ஊரில். இருவரும் வந்தால்தான் திறக்கும்.

பீலிக்கரை (பதிவு 9)

இரண்டு பூட்டு என்றதும் கிராமத்துப் பக்கத்திலிருந்தே ஒருவர் சம்மதித்துவிட்டார். அழுக்கு விஷயத்துக்கு வருவோம். கக்கூஸ் குழிக்கும் பாத்திக்கும் என்ன வழி? கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?

சுகாதாரம் (பதிவு 10)

கொதிக்க வைப்பது கிருமிக்குப் போதும். நம் உயரத்தில் தண்ணி 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94 வாக்கில். அதுவும் கிருமியைக் கொல்லும், நன்றாகக் குமிழியடித்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். ஆனால் 280 பேருக்கு விறகு எங்கே? பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து பீலியில் (பொதுக் குழாயில்) வாய் வைத்துக் குடிக்கும். 2007 இல் கம்பளையில் மஞ்சள் காமாலை பரவியது ஞாபகம் இருக்கட்டும். குழாயிலேயே தண்ணி சுத்தமாக வர வேண்டும்.

பாத்திக்கு அடிக்கும் யூரியாவும் கோழி எருவும் தண்ணியில் நைத்திரேற்றாக வரும். அதைக் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணி வற்ற வற்ற இன்னும் செறிவாகும். குளோரினும் ஒன்றும் செய்யாது. இலங்கைக் குடிநீர்த் தரத்தில் எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்குத்தான் பெரிய ஆபத்து. அடுத்த முறை பி.எச்.ஐ. வரும்போது ஈ.கோலையோடு நைத்திரேற்றையும் கேளுங்கள். ஒரு தடவை பாத்திக்கு உரம் போட்டு முதல் மழை பெய்த பிறகும், ஒரு தடவை வறட்சியிலும் எடுக்க வேண்டும்.

கக்கூஸ் குழி கண்ணைவிட உயரத்தில், 25 மீட்டரில் இருக்கிறது. 30 மீட்டர் என்பது தட்டைத் தரைக்குச் சொல்லும் குறைந்த அளவு. சரிவில், அதுவும் உயரத்தில் இருந்தால் 30 என்ற எண்ணை நம்பியும் பயனில்லை. நாலு குழியையும் மூட வேண்டும். மூடுவது என்றால் மண்ணைப் போட்டு மறைப்பது இல்லை. கழிவை வாரி அகற்றி, சுண்ணாம்பு போட்டு, மண் நிரப்பி, மேலே களி அழுத்தி மேடாக விடுவது. புதுக் கக்கூஸ் லயத்துக்குக் கீழ்ப்பக்கம். இதைச் செய்யாமல் பெட்டி கட்டினால் அழகான பெட்டியில் அதே தண்ணி.

கலங்கலையும் கவனியுங்கள். மழை பெய்து இரண்டு மூன்று மணித்தியாலத்தில் ஊத்து கலங்கினால் மேல்தண்ணி உள்ளே வருகிறது என்று அர்த்தம். கான் வெட்டி, களி போட்ட பிறகும் அப்படிக் கலங்கினால் தண்ணியை வடித்தெடுக்கும் சல்லி வடியும் மணல் வடியும் தேவைப்படும். மணல் வடிக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 2,400 முதல் 4,800 லீட்டர் வடியும். லயத்துப் பங்கு 16,200 க்கு அவசரப்படாமல் ஐந்து சதுர மீட்டர், கழுவும் நாளுக்கு இன்னொன்று. பெட்டி சரியாக வந்தால் இந்தச் செலவு மிஞ்சும்.

வீட்டில் செய்யக்கூடிய கறுப்புப் போத்தல் சோதனை உண்டு. எச்2எஸ் போத்தலில் தண்ணி ஊற்றி வைத்தால் மலக்கிருமி இருந்தால் கறுக்கும். குளிர் ஊரில் 24 மணித்தியாலத்தில் கறுக்காததை வைத்து “சுத்தம்” என்று முடிவு கட்டாதீர்கள். அடுப்படிக்குப் பக்கத்தில் சூடு படும் இடத்தில் மூன்று நாள் வையுங்கள்.

குளோரின்: லீட்டருக்கு 2 மில்லிகிராம். 10,000 லீட்டர்த் தொட்டிக்கு 31 கிராம் தூள்.

அளவுகோல் (பதிவு 11)

மன்னிக்கவும், கடைசி வரியில் நிறுத்த வேண்டும். 31 கிராம் என்பது 65 சதவீதத் தூளுக்கு. கடைகளிலும் சுகாதாரப் பகுதியிலும் சாதாரணமாகக் கிடைப்பது 30 சதவீதத்து வெள்ளைத்தூள், அதற்கு 67 கிராம். பொதியில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்க்காமல் போட்டால் பாதி மருந்துதான் போகும், கிருமி சிரிக்கும். மறுபக்கம் 65 சதவீதத்தை 67 கிராம் போட்டால் பிள்ளைகள் வாயில் வைக்காது, திரும்ப ஓடைக்கே போவார்கள்.

சுகாதாரம் (பதிவு 12)

சரிதான், திருத்தியதற்கு நன்றி. முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் தண்ணியில் சேலைன் குழாயால் சொட்டுச் சொட்டாக விடுவதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். சுண்ணாம்பு படிந்து மூன்றாம் நாள் அடைக்கும். இங்கே அதைவிட நல்லது 5,000 லீட்டர்த் தொட்டி இரண்டு, மாற்றி மாற்றி. லயத்துப் பங்கில் ஒரு தொட்டி நிறைய ஏழரை மணித்தியாலம். ஒன்று நிறையும்போது மற்றதிலிருந்து விநியோகம். நிறைந்த தொட்டிக்கு 30 சதவீதத் தூள் 25 கிராம். அதாவது லீட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். ஒரு வாளித் தண்ணியில் கரைத்து, அரை மணித்தியாலம் தெளிய விட்டு, மேல்தண்ணியை மட்டும் ஊற்றுங்கள், அடிச் சுண்ணாம்பை வெளியே கொட்டுங்கள். பிறகு இன்னொரு அரை மணித்தியாலம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும்.

சரியான அளவு எது என்பதைக் கடைசி வீட்டுப் பீலிதான் சொல்லும். அங்கே மிச்சக் குளோரின் 0.2 முதல் 0.5 வரை இருக்க வேண்டும். பி.எச்.ஐ. இடம் நிறம் பார்க்கும் கருவி இருக்கும், சங்கம் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. 0.2 க்குக் கீழே என்றால் 5 கிராம் கூட்டுங்கள்.

தூளை இரும்புப் பெட்டியில் வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் வாளி, இருட்டு, காய்ந்த இடம். நம் ஊர்ப் பனியில் திறந்த பொதி சில மாதத்தில் செத்துவிடும், வாசம் மட்டும் இருக்கும். சின்னப் பொதியாக வாங்குங்கள். தூளைக் கிளறும்போது கையுறையும் மூக்குக்குத் துணியும் வேண்டும்.

கட்டி முடித்த அன்று, புதுத் தொட்டிக்கும் குழாய்க்கும் ஒரு தடவை கடும் மருந்து: 5,000 லீட்டருக்கு 30 சதவீதத் தூள் 830 கிராம், ஓர் இரவு முழுக்க நிறுத்தி வைத்து, மறுநாள் ஓடையில் விடாமல் தரிசு மண்ணில் வடித்துவிடுங்கள். மீன் செத்தால் கிராமத்தோடு முதல் நாளே சண்டை.

உருளைச்செய்கை (பதிவு 13)

பாத்திக்காரர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. பாத்தியைப் பிடுங்கு என்று எடுத்தவுடன் சொல்லாதீர்கள். தோட்ட வேலையின் நாள் சம்பளத்தில் வயிறு நிறையாததால்தான் அந்தத் துண்டு நிலம். அதைக் கண்ணுக்குக் கீழே மாற்றிக் கொடுக்கச் சொல்லித் தோட்டத்திடம் சங்கம் கேட்க வேண்டும். எழுத்தில் வாங்கும் சம்மதத்தில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

மாறும் வரைக்கும்: பச்சைக் கோழி எருவைக் குவித்து வைக்கக் கூடாது, மழையில் நேரே கண்ணுக்குத்தான் இறங்கும். மூன்று மாதம் மக்க வைத்து, மண்ணோடு கலந்து போடுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்து, பெருமழைக்கு முன்னால் போடாமல். பாத்தியைச் சரிவோடு இறங்குகிற மாதிரி வெட்டாமல் குறுக்கே வெட்டுங்கள். மருந்தடிக்கிற டாங்கியை ஊத்திலோ ஓடையிலோ முக்கி நிரப்பவே கூடாது. வாளியில் மொண்டு, கழுவிய தண்ணியைப் பாத்தியிலேயே ஊற்றுங்கள். வெறும் போத்தலை வேலியில் மாட்டி வைக்கும் பழக்கம் நம் எல்லாப் பாத்தியிலும் இருக்கிறது. காற்றடித்தால் அது ஓடையில்.

ஊவாக்காரி (பதிவு 14)

இந்த விஷயத்துக்குத் தொடர்பு இருப்பதால் சொல்கிறேன். கொட்டகலை ஓடை கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. நோர்வூட் ஓடை கெஹெல்கமு ஓயா வழியாகக் களனி. களனியில் அம்பத்தலையில் எடுக்கும் தண்ணியைத்தான் கொழும்பு பெரும்பாலும் குடிக்கிறது. நம் மலையில் ஊத்துக்கு நடப்பது, கீழே இந்த ஆறுகளை நம்பியிருக்கிற எல்லாருடைய தண்ணிக்கும் நடப்பது. அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் எழுதும் கடிதத்தில் “ஏழைத் தோட்டத்துக்கு உதவி” என்று எழுதாதீர்கள். “நீரேந்துப் பிரதேசப் பாதுகாப்பு” என்று எழுதுங்கள், அதுதான் உண்மை.

பீலிக்கரை (பதிவு 15)

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. பார்த்துக்கொள்ள ஆள் யார்? தோட்டத்திலிருந்து ஓர் ஆளைத் தருகிறோம் என்று முகாமை சொல்கிறது.

குழாய்வேலை (பதிவு 16)

தோட்டத்து ஆளாக இருந்தால் கொழுந்து நிறைந்த காலத்தில் மலைக்கு இழுத்துவிடுவார்கள், மழைக்காலத்தில்தான் ஊத்துக்கு ஆள் தேவை. சங்கம் சம்பளம் கொடுக்கும் இரண்டு பேர் வேண்டும், ஊருக்கு ஒருவர். ஒரே ஆள் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்த நாள் குளோரினும் நிற்கும்.

வேலை இவ்வளவுதான். ஒவ்வொரு தொட்டியும் நிறையும் ஒவ்வொரு தடவையும் தூள். வாரம் ஒருநாள் இருவருமாகப் பிரிப்புத் தொட்டியைத் திறந்து, தகட்டின் முன்னால் உள்ள வலையைக் கழுவி, ஐந்து துளையையும் பல்துலக்கும் தூரிகையால் துடைப்பது. இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள், ஒரு மில்லிமீட்டர் பெருத்தாலும் அந்தத் துளையில் ஆறில் ஒரு பங்கு தண்ணி கூடும். மாதம் ஒருநாள் வாளியும் கடிகாரமும், கொப்பியில் இரண்டு கையெழுத்து. பெருமழைக்கு மறுநாள் கழுவு குழாயைத் திறந்து வண்டலை விடுவது. தொட்டி இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒருதடவை தேய்த்துக் கழுவுவது, ஒன்று கழுவும்போது மற்றது ஓடும்.

அலமாரியில் இருக்க வேண்டியவை: ஒரு இஞ்சிக் குழாய் இரண்டு, சொக்கட் 10, எல்போ 6, பசை ஒரு டின் (திறந்தால் காயும், ஆகவே சின்ன டின்), வால்வு ஒன்று, வாள் ஒன்று, வலைத்துண்டு ஒரு மீட்டர். இவை லயத்தில் ஒரு பெட்டி, கிராமத்தில் ஒரு பெட்டி. ராத்திரி குழாய் வெடித்தால் மற்ற ஊரின் கதவைத் தட்டி எடுத்துப்போட ஒரு வழி இருக்கும்.

பீலிக்கரை (பதிவு 17)

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) கூட்டம். இரண்டு ஊரும் வருகிறது. வாளியும் கடிகாரமும் கொண்டுபோகிறோம். தகட்டை ஹட்டனில் வெட்டக் கொடுத்தாயிற்று.